தாத்தாவின் பழைய பெட்டி கைக்கு வந்திருக்கிறது. குடும்ப வரலாற்றை அறிய எங்கிருந்து தொடங்குவது?

கடிதம், புகைப்படம், ரசீது, நின்றுபோன கடிகாரம், எதற்கென்று தெரியாத சாவிகள் என்று பெட்டி நிறைய இருக்கிறது, எப்படி வகை பிரிப்பது, எதைத் தூக்கிப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், பிரிக்காதீர்கள். படங்களெல்லாம் ஒரு பக்கம், கடிதங்களெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கத்தான் கை போகும். அப்படி அடுக்கிவிட்டால், எது எதோடு சேர்ந்திருந்தது என்கிற தகவல் போய்விடும். அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

எங்கள் வீட்டில் தாத்தாவின் பெட்டியைத் திறந்த அன்று, நூலகத்தில் வேலை பார்த்த அத்தை யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு அடுக்காகப் படம் எடுத்து, ஒவ்வொரு கட்டுக்கும் எண் போட்ட பிறகுதான் வெளியே எடுத்தார். அதில் ஒரு பழுப்பு உறைக்குள் மணியார்டர் ரசீதுகள் ஒரு கட்டு, கூடவே ஒரு பெண்ணின் படம். அவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. படத்தின் பின்னால் இருந்த ஸ்டுடியோ முத்திரையில் ஓர் ஊர்ப் பெயர். ரசீதுகளிலும் அதே ஊர், எல்லாவற்றிலும் ஒரே பெண் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி உறவில் மூத்தவர்களிடம் விசாரித்தபோதுதான் தெரிந்தது: தாத்தாவுக்கு இளம் வயதிலேயே இறந்துபோன ஓர் அண்ணன் இருந்தார், அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் மனைவிக்குத் தாத்தா மாதாமாதம் பணம் அனுப்பி வந்திருக்கிறார். பாட்டிக்குத் தெரியுமா என்பதை இனி யாரிடமும் கேட்க முடியாது. படம் ஆல்பத்துக்கும் ரசீது கணக்குக் கட்டுக்கும் போயிருந்தால், எங்களுக்கு அப்படி ஒரு பாட்டி இருந்ததே தெரிந்திருக்காது.

ஆவணக் காப்பகங்களில் இது அடிப்படை விதி. ஓர் இடத்திலிருந்து வந்த காகிதங்களை வேறு காகிதங்களோடு கலக்கக் கூடாது என்று 1841-ல் பிரான்ஸ் தன் காப்பகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அவை இருந்த வரிசையையும் கலைக்கக் கூடாது என்பதை 1881-ல் ஜெர்மனியின் பிரஷ்ய அரசுக் காப்பகம் விதியாக்கியது. நாற்பது கடிதம் உள்ள வீட்டுப் பெட்டிக்கும் இது அப்படியே பொருந்தும்.

படங்களில் முகத்தை விட முதுகு அதிகம் பேசும். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எண், ஆல்பத்திலிருந்து பிய்த்த பசை அடையாளம் எல்லாமே துப்புதான். ஏறக்குறைய 10 செ.மீ. உயரமும் 6 செ.மீ. அகலமும் உள்ள தடித்த அட்டையில் ஒட்டிய சிறு படமா? 1854-ல் பாரிஸில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகம் முழுக்கப் பரவியது. பின்பக்கம் அஞ்சலட்டை போல அச்சிட்டு, நடுவில் செய்தியையும் முகவரியையும் பிரிக்கும் கோடு இருக்கிறதா? முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுத பிரிட்டன் 1902-லும் அமெரிக்கா 1907-லும்தான் அனுமதித்தன. ஆக, அட்டை அதற்குப் பிந்தியது. அட்டைதான் பிந்தியது என்பதைக் கவனியுங்கள். பழைய படத்தைப் பிற்காலத்தில் மறுபடி பிரதி எடுத்திருக்கலாம்.

அரசு முத்திரை இருக்கிறது என்பதற்காகக் காகிதம் சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் வேண்டாம். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி, சேர்க்கும்போது யாரோ உத்தேசமாகச் சொன்னதாக இருக்கலாம். இரண்டு காகிதங்கள் முரண்பட்டால் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்வு நடந்த காலத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்டதற்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம்.

பெரியவர்களிடம் படத்தைக் காட்டி "இது யார்?" என்று கேட்டால் பெயர் மட்டும்தான் வரும். "இதை எடுத்தது யார்? இந்தப் படத்தில் சித்தப்பா ஏன் இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். அவர்கள் அனுமதியோடு அலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட அவசரமான வேலை இதுதான். காகிதம் இன்னும் சில வருஷம் தாங்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். லேமினேஷன் வேண்டாம், ஒட்டியதைப் பிரிக்க முடியாது. செலோடேப்பும் ஒட்டும் தாள் ஆல்பமும் படத்தைக் கறையாக்கும். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள், ஆனால் அதில் சேர்ந்திருந்த தாள்களை ஒரே உறையில் வையுங்கள். பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), வெற்றுப் பக்கமாகத் தெரிந்தாலும் இரு புறமும்.

அப்புறம், யாரும் சொல்லாத முதல் கல்யாணம், தத்து, வழக்கு என்று ஏதாவது வெளிவரலாம். அது சம்பந்தப்பட்டவரோ அவர் பிள்ளைகளோ உயிரோடு இருந்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். தெரிந்துகொள்ளும் ஆசை உங்களுக்கு இருக்கும், ஆனால் அந்த வாழ்க்கை அவர்களுடையது.

எதைத் தூக்கிப் போடலாம் என்றால், இப்போதைக்கு எதையும் போடாதீர்கள். குறிப்பாக ரசீதுகளை. கடிதத்தில் மனிதர்கள் சொல்ல நினைத்ததை மட்டும் எழுதுவார்கள். பணம் எங்கே போனது என்பதை ரசீதுதான் சொல்லும். சாவிகளையும் எந்தக் கட்டுக்குப் பக்கத்தில் கிடந்தன என்று குறித்து, அந்தக் கட்டோடேயே வையுங்கள்.