லாக்டவுனில் பள்ளிக்கூடத்தில் யாருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்பதில் ஏன் அவ்வளவு சண்டை வந்தது?

வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். இந்தச் சண்டையைத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவள் இல்லை. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று எழுதின நோட்டே என் கையில்தான் இருந்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாக வரும்.

இங்கிலாந்து மாதிரி இடங்களில் அரசாங்கமே இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். நம்மூரில் அப்படி எதுவும் கிடையாது. 2020 மார்ச் நடுவில் பள்ளிக்கூடம் மூடினார்கள், அங்கன்வாடியும் மூடினார்கள். சத்துமாவு, அரிசி, முட்டை எல்லாம் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள்.

ஆனால் வேலை அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. வேலூரில் ஆஸ்பத்திரி மூடவே முடியாது, பாதி ஊர் அதை நம்பித்தான் பிழைக்கிறது. குப்பை வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. வங்கி திறந்திருந்தது. 2020 மே மாதத்தில் ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளும் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. கம்பெனி பஸ் வந்து நின்றால் பெண்கள் ஏறித்தான் ஆகவேண்டும். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அப்போது சட்டமே இருந்தது. இருந்து என்ன? எங்கள் தெருவில் இருந்து போன ஒரு பெண்ணிடம், "கொரோனா முடியிற வரைக்கும் குழந்தைங்கள உள்ளே இட்டுனு வராதீங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் தாளாளர் ஒரு காரியம் செய்தார். ஜூன் மாதம், கீழ்த்தளத்தில் இருக்கிற இரண்டு வகுப்பறையைத் திறந்தார். "பாடம் கிடையாது, யூனிபார்ம் கிடையாது, பள்ளிக்கூடம்னே சொல்லாதீங்க. வேலைக்குப் போறவங்க புள்ளைங்க உட்கார்ந்து போறதுக்கு ஓர் இடம், அவ்வளவுதான்" என்றார். எழுத்தில் அனுமதி வாங்கினாரா என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் அவரைக் கேட்கவில்லை. ஓர் அறைக்கு ஆறு பேர், மொத்தம் பன்னிரண்டு. நானும் ஆயாம்மாவும் பார்த்துக்கொள்வது. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு பாய். நாலு வயசுப் பிள்ளை வட்டத்துக்குள் உட்காரும் என்று நம்பினது எங்கள் முதல் முட்டாள்தனம்.

இரண்டாவது முட்டாள்தனம், விதி. "அத்தியாவசிய வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும், அடையாள அட்டையோடு வரவும்" என்று கேட்டில் ஒட்டினோம். கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கேட்டில் இருபத்தைந்து பேர்.

நர்ஸ்கள் முதலில் வந்தார்கள், அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. அப்புறம் வங்கியில் வேலை செய்கிற ஒருவர். நானும் அத்தியாவசியம்தான், அரசாணையிலேயே இருக்கிறது என்று போனில் எடுத்துக் காட்டினார். உண்மைதான், இருந்தது. மருந்துக்கடைக்காரர் வந்தார், பால் ஏஜென்ட் வந்தார், மின்வாரியத்தில் இருந்து ஒருத்தர் வந்தார். யாரையும் "நீங்கள் அவசியமில்லை" என்று சொல்ல முடியாது. மின்சாரம் இல்லாமல் ஆஸ்பத்திரி ஓடுமா? அடுத்த வருஷம், 2021 மே மாதம் ஸ்டாலின் பத்திரிகையாளர்களையும் முன்களப் பணியாளர் என்று அறிவித்தபோது எனக்கு இந்தக் காலைதான் ஞாபகம் வந்தது. அந்தப் பட்டியலில் நியாயமாகவே ஆள் கூடிக்கொண்டுதான் போகும். பாய்தான் பன்னிரண்டுக்கு மேல் கூடாது.

முதல் பட்டியலில் நர்ஸ் பிள்ளைகள் ஏழு, வங்கி இரண்டு, போலீஸ் ஒன்று, மருந்துக்கடை ஒன்று, மின்வாரியம் ஒன்று. பன்னிரண்டு முடிந்தது. திருப்தியாக நோட்டை மூடினேன்.

ஒரு வாரத்திலேயே அந்தத் திருப்தி போய்விட்டது. அந்த வங்கிக்காரர் பிள்ளையை ஒருநாள் மதியம் தாத்தா வந்து கூட்டிப்போனார். வெள்ளை வேட்டி, நல்ல ஆரோக்கியம், ஸ்கூட்டரில். மறுநாள் பாட்டியும் கூட. "வீட்ல ரெண்டு பேர் இருக்கீங்களே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "வயசானவங்க மிஸ், நோய் வந்துட்டா?" என்றார் வங்கிக்காரர். அதிலும் நியாயம் இருந்தது. இதுதான் இந்த விஷயத்தில் கொடுமை, எவன் வாயைத் திறந்தாலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் இங்கே ஆறு பிள்ளைகளோடு மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டு அதே தாத்தா மடிக்குத்தானே அந்தப் பிள்ளை போகிறது? அதை யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

ஆயாம்மாதான் அந்த வாரம் சொன்னார். குனிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். "அட்டை வச்சிருக்கிறவங்கள்லாம் வந்துட்டாங்க. அட்டை இல்லாதவ இன்னா பண்ணுவா மிஸ்?"

அவர் சொன்னது தெருக்கோடியில் இருந்த ஒரு பெண்ணை. ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிற வேலை. விடிகாலை ஐந்தரைக்குப் போய்விடுவாள். கையில் அட்டை எதுவும் இல்லை, ஒரு பச்சைக் கோட்டும் கையுறையும்தான். எங்கள் கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தை அவள் பார்த்திருக்கிறாள், தனக்கில்லை என்று போய்விட்டாள். வந்து கேட்கவே இல்லை. எட்டு வயசுப் பெண்ணையும் மூன்று வயசுப் பையனையும் உள்ளே விட்டு வெளியில் பூட்டுப் போட்டுவிட்டுப் போவாளாம். நானும் ஆயாம்மாவும் அந்த வீட்டுக்குப் போனோம். ஜன்னல் வழியாக அந்த எட்டு வயசுப் பெண் எங்களோடு பேசினாள். இடுப்பில் தம்பி. ஜன்னல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் நாலு இட்லி கட்டித் தொங்கவிட்டிருந்தது, எறும்புக்குப் பயந்து. "அம்மா பதினோரு மணிக்கு வந்துடும். கதவத் தட்டினா பேசக்கூடாதுன்னு சொல்லிக்கீது" என்றாள். சொல்லிவிட்டு எங்களோடு பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

அன்றைக்குத்தான் எங்கள் கேள்வியே தப்பு என்று எனக்குப் பட்டது. "என்ன வேலை?" என்று கேட்டோம். கேட்டிருக்க வேண்டியது, "வீட்டில் வேறு யார்?" என்று.

இதோடு கதை சுபம் என்று நினைக்காதீர்கள். கேள்வியை மாற்றினதும் வேறு மாதிரிச் சிக்கல் வந்தது, இதைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை. வேலையைக் கேட்டால் அட்டையைக் காட்டிவிட்டுத் தலை நிமிர்ந்து போகலாம். வீட்டைக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு நர்ஸ், நான் மிகவும் மதிக்கிற பெண், கேட்டில் வரிசையில் நிற்கிறார். "கணவர் வீட்டில் இருக்கிறாரா?" என்று படிவத்தில் இருந்ததையே படித்தேன். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அவர் முகம் மாறிவிட்டது. "இருக்கார்" என்றார். இருந்தாலும் அவரிடம் பிள்ளையை விட முடியாது என்பதையும், ஏன் என்பதையும் அடுத்த நாள் என் வீட்டு வாசலில் வந்து அழுதுகொண்டு சொன்னார். டாஸ்மாக் திறந்துவிட்டிருந்த நேரம் அது, மேலே நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொருத்தர், மாமியாருக்கு ஞாபகமறதி நோய் என்பதை அக்கம்பக்கத்துக்கே மறைத்து வைத்திருந்தவர், எங்கள் படிவத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையையே நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் படிவத்தைக் கிழித்துப் போட்டோம். தாளாளர் ஒவ்வொருவரையும் தனியாகப் போனில் கூப்பிட்டு, "எத்தனை நாள் இல்லாமல் முடியாது?" என்று மட்டும் கேட்டார். காரணம் கேட்கவில்லை. இதில்தான் அதிசயம் நடந்தது. ஐந்து நாளும் வேண்டும் என்று சண்டை போட்டவர்களே மூன்று போதும், இரண்டு போதும் என்றார்கள். நர்ஸ்களுக்கு வாராவாரம் டூட்டி மாறும். நைட் டூட்டி முடிந்து அடுத்த நாள் ஓய்வு வரும், அன்றைக்குப் பிள்ளை வீட்டில்தான் இருக்கும், ஆனால் இடத்தை விட்டால் போய்விடும் என்ற பயத்தில் எங்கள் பாய் காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் டூட்டி லிஸ்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஜூலை, ஆகஸ்ட்டில் ஞாயிறு முழு ஊரடங்கு, எனக்கும் வேறு வேலை இல்லை. கட்டம் போட்டு நிரப்புவேன். பன்னிரண்டு பாயில் பத்தொன்பது பிள்ளைகள் ஓடினார்கள். ஷூ கம்பெனிப் பெண்ணின் பையனுக்கு ஐந்து நாளும், அவளுக்கு மாற்று டூட்டி கிடையாது. ஜன்னலில் பார்த்த இரண்டும் காலை ஆறில் இருந்து பதினொன்று வரைக்கும். ஆயாம்மா அதற்காகவே ஐந்தே முக்காலுக்குக் கேட்டைத் திறப்பார், இதற்குத் தனிச் சம்பளம் யாரும் கொடுக்கவில்லை. வங்கிக்காரர் பையன் இரண்டு நாள். அவர் என்னோடு இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

யாருக்கும் தொற்று வரவில்லை என்று சொல்ல ஆசைதான். செப்டம்பரில் ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு வந்தது, பதினாலு நாள் மூடினோம். அந்தப் பதினாலு நாளும் ஒவ்வொருவரும் யார் முகத்தை யார் பார்த்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

சரி, இங்கிலாந்து. என் தங்கை இங்கே நர்சிங் படித்துவிட்டு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அங்கே 2020 மார்ச் 23-ல் இருந்து பள்ளிகள் முழுக்க மூடவில்லை. முக்கியப் பணியாளர்களின் பிள்ளைகள், சமூக நலத்துறை கவனிப்பில் இருக்கிற பிள்ளைகள், இப்படிப்பட்டவர்களுக்குத் திறந்திருந்தன. பெற்றோரில் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தாலே போதும். முடிந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பது கூடவே ஒரு வேண்டுகோள். முதல் தடவை பயத்தில் ரொம்பக் குறைவாகத்தான் அனுப்பினார்கள். 2021 ஜனவரியில் மறுபடி மூடியபோது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பள்ளியில்தான் இருந்தார்கள். லேப்டாப்பும் படிக்க அமைதியான இடமும் இல்லாத பிள்ளைகளும் அப்போது வரலாம் என்றானது. பள்ளிகள் திணறின, பெற்றோருக்குள்ளேயே முறைப்பு.

அந்த முறைப்பு என் தங்கை மேல்தான். அவள் நர்ஸ், சரி. அவள் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வேலை, வீட்டில் இருந்தே. பையனை ஐந்து நாளும் பள்ளிக்கு அனுப்பினாள். "அப்பா வீட்ல இருக்கும்போது எதுக்கு?" என்று அங்கே யாரோ ஜாடையாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் ஆறுதலுக்குப் போன் செய்தாள். நான் பட்டியல் எழுதிப் பழகினவள் இல்லையா, "அவங்க கேட்டது நியாயம்தானேடி" என்றேன்.

பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவர் காலையில எட்டு மணிக்கு மீட்டிங்ல உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் கதவு மூடியிருக்கும். நான் நைட் முடிச்சு வந்து தூங்கறேன். அஞ்சு வயசுப் பையன் டிவி முன்னாடி தனியா. அப்பா வீட்ல இருக்கார்னா, இருக்கார், அவ்வளவுதான்" என்றாள். அந்த "இருக்கார்" என்ற சொல்லை நான் ஏற்கெனவே ஒரு முறை எங்கள் கேட்டில் கேட்டிருக்கிறேன். அது வேற இருக்கார், இது வேற இருக்கார். ஆனாலும் வாயடைத்துப் போனேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "உன் நோட்டுல நான் இருந்தா எனக்கு எத்தனை நாள் கொடுத்திருப்ப?" என்று கேட்டாள்.

"நைட் டூட்டி முடிஞ்சு வர்ற மூணு நாள்" என்றேன். "மத்த ரெண்டு நாள் உன் வீட்டுக்காரர கதவத் திறக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டாள். ஒரு வாரம் பேச்சில்லை. அப்புறம் ரசப்பொடிக்கு எத்தனை மிளகு என்று கேட்டு ஒரு மெசேஜ் வந்தது.