கழுத்துப்பட்டையில் கொக்கி மாட்டினால் போதுமா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் புரூனோவுக்கு மூன்று வயது, எடை 30 கிலோ. அடுத்த மாதம் அவனோடு காரில் ஒன்பது மணி நேரப் பயணம். பின் இருக்கையில்தான் ஏற்றுவோம். சற்று நேரத்தில் எழுந்து வந்து, ஓட்டிக்கொண்டிருக்கும் என் தோளில் தாடையை வைத்துக்கொள்வான். கடையில் ஒரு பெல்ட் கொடுத்தார்கள். ஒரு முனையை சீட் பெல்ட் பூட்டில் செருகி, மறுமுனையைக் கழுத்துப்பட்டையில் மாட்ட வேண்டுமாம். அட்டையில் 'சோதனை செய்யப்பட்டது' என்று போட்டிருக்கிறது. இது போதுமா, கூண்டு வாங்க வேண்டுமா? வழியில் வாந்தி எடுப்பான். தூக்க மாத்திரை கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: போதாது. அந்தப் பெல்ட்டைக் கழுத்துப்பட்டையில் மாட்டிக்கொண்டு கிளம்புவதாக இருந்தால், பயணத்தையே தள்ளிப்போடுங்கள் என்பேன். கூண்டு கட்டாயமில்லை. மார்பைச் சுற்றி வரும் அகலமான பட்டை ஒன்று கட்டாயம். கடையில் 'ஹார்னஸ்' என்று கேட்டால்தான் புரியும்.

காரணம் எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது புரூனோவைப் பிடித்து நிறுத்துகிற பட்டையின்மேல் அவனுடைய எடையைப் போல் சுமார் 20 மடங்கு, அதாவது 600 கிலோ அளவுக்கு இழுவை விழும். பட்டையே இல்லாவிட்டால், மூன்று மாடி உயரத்திலிருந்து விழுகிற வேகத்தில் முன் இருக்கையின் முதுகிலோ உங்கள் தலையிலோ வந்து மோதுவான். இந்த 600 கிலோவும் இரண்டு விரல் அகலக் கழுத்துப்பட்டை வழியாக அவன் தொண்டையில் இறங்கினால் என்ன ஆகும்? மூச்சுக்குழல் நசுங்கும், கழுத்தெலும்பு விலகும். மார்பெலும்பும் விலாவும் அந்தச் சுமையைப் பரப்பி வாங்கிக்கொள்ளும். கழுத்துக்கு அந்தத் தெம்பு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பீகிள் இன நாய் ஒன்றை என்னிடம் தூக்கி வந்தார்கள். முன்னால் நின்ற வண்டியில் கார் இடித்திருந்தது. நாய்க்கு முன்னங்கால் முறிவு. உரிமையாளர் சட்டைப் பையிலிருந்து பெல்ட்டின் கொக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியே வெள்ளி போலப் பளபளப்பு. முறிந்த இடத்தில் சாம்பல் நிறம், ஊசி குத்தியது போல் பொத்தல் பொத்தலாக. மலிவான வார்ப்பு, மேலே முலாம். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேனே டாக்டர்" என்று புலம்பினார். அந்தக் கொக்கி முறிந்ததால்தான் அவருடைய நாய் பிழைத்தது. கழுத்துப்பட்டையில் மாட்டியிருந்தார், கொக்கி தாங்கியிருந்தால் கழுத்து போயிருக்கும்.

'சோதனை செய்யப்பட்டது' என்ற வாசகத்துக்கு வருகிறேன். எதைச் சோதித்தார்கள்? பெரும்பாலும் துணியை இயந்திரத்தில் மாட்டி மெதுவாக இழுத்துப் பார்த்திருப்பார்கள். மோதல் என்பது மெதுவான இழுப்பு அல்ல, வெடுக்கென்ற ஒரே இழுப்பு. அமெரிக்காவில் 'சென்டர் ஃபார் பெட் சேஃப்டி' என்ற லாப நோக்கற்ற அமைப்பு, 2013-இல் சுபாரு கார் நிறுவனத்தின் துணையோடு, சந்தையில் விற்ற மார்புப் பட்டைகளைப் பொம்மை நாய்களுக்குப் பூட்டி மோதவிட்டுப் பார்த்தது. சோதித்தவற்றில் ஒன்றே ஒன்றுதான் நாயை ஒவ்வொரு முறையும் இருக்கையிலேயே நிறுத்தியது. மற்றவையும் அழகான அட்டைகளில்தான் விற்றுக்கொண்டிருந்தன.

குழந்தை இருக்கைக்குத் தர விதி இருக்கிறது, தலைக்கவசத்துக்கு இருக்கிறது. நாய்ப் பட்டைக்கு அப்படி எதையும் வகுக்க அரசுகளுக்கு நேரம் வரவில்லை. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 57-ஆவது விதி நாயைத் தகுந்தபடி கட்டுப்படுத்தச் சொல்கிறது. பட்டை, பெட்டி, கூண்டு, தடுப்பு என்று பெயர்களையும் அடுக்குகிறது. அந்தப் பட்டை எவ்வளவு இழுவையைத் தாங்க வேண்டும்? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் கண்ட சரக்கும் உள்ளே வருகிறது. 'உங்கள் மருத்துவமனையில் வைத்து விற்றுக்கொடுங்கள், பங்கு தருகிறோம்' என்று என் மேசைக்கே வந்திருக்கிறார்கள். மோதல் சோதனையின் காணொளியைக் காட்டுங்கள் என்றேன். விலைப்பட்டியலைக் காட்டினார்கள். நீங்களும் அதையே கேளுங்கள்: எந்த வேகத்தில், எத்தனை கிலோ பொம்மையோடு மோதவிட்டார்கள்? விற்பவர் விழித்தால் வெளியே வந்துவிடுங்கள். நாய்ப் பயிற்சியாளர் ஒரே கடையின் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் சற்று யோசியுங்கள்.

சரி, பூட்டுவது எப்படி? தனியாக விற்கும் இணைப்புக் கயிற்றை மறந்துவிடுங்கள். காரின் சொந்த சீட் பெல்ட்டே மார்புப் பட்டையின் முதுகுப்புற வளையத்துக்குள் புகுந்து போய்ப் பூட்டில் விழ வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது விரலுக்கு இடமிருக்கக் கூடாது. நீளம் குட்டையாக இருக்கட்டும். உட்காரவும் படுக்கவும் முடிந்தால் போதும். நீளக் கயிறு கட்டினால் நாய்க்குச் சுதந்திரம் என்று நினைக்கிறார்கள். அந்தத் தொய்வு தீரும்வரை நாய் முழு வேகத்தில் பறந்துபோய், அதன் பிறகுதான் வெடுக்கென்று இழுபடும். ரப்பர் போல் நீள்கிற கயிறும் இதே ரகம். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி இழுத்து அதில் நாயை ஓடவிடும் ஏற்பாட்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இருக்கையின் தலைச்சாய்ப்பில் மாட்டுவதும் வேண்டாம். அதைக் கையாலேயே உருவி எடுக்கிறோமே.

முன் இருக்கை வேண்டவே வேண்டாம். காற்றுப்பை (ஏர்பேக்) கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது ஆளின் உயரத்தையும் உட்காரும் விதத்தையும் கணக்கிட்டு. நாய்க்கு அது நேரே முகத்தில் விழும் அடி. பின் ஜன்னல்களின் பொத்தானை ஓட்டுநர் பக்கமிருந்து பூட்டிவையுங்கள். தலையை வெளியே நீட்டினால் தூசியும் பூச்சியும் கண்ணில்தான் இறங்கும்.

கூண்டு வாங்கினாலும் கணக்கு மாறாது. கட்டாத கூண்டு என்றால் நாயோடு சேர்ந்து கூண்டும் பறக்கும், அவ்வளவுதான். சிறிய நாய் என்றால் பெட்டியில் வைத்து, முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் நெருக்கிச் செருகிவிடலாம். அது நகர இடமே இருக்காது. அந்தப் பெட்டியை இருக்கையில் வைத்து மேலே சீட் பெல்ட் போடாதீர்கள். மோதலுக்கென்று சோதிக்கப்படாத பெட்டியை அந்த பெல்ட்டே நசுக்கிவிடும்.

இதுவரை சொன்னது எல்லா நாய்க்கும் பொருந்தும், சப்பை மூக்கு இனங்களைத் தவிர. பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாக்ஸர். புரூனோவுக்கு இது தேவையில்லைதான். ஆனாலும் இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் பக் இருக்கும். இவற்றுக்கு மூக்குத் துளை சிறியது, தொண்டையில் சதை அதிகம். நாய் உடல்சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைப்பால். இவற்றால் அது சரியாக முடியாது. ஆகவே பட்டையின் முன்வார் மார்பெலும்பின்மேல் கிடக்க வேண்டும், தொண்டைக் குழிக்கு ஏறவே கூடாது. வண்டி ஓட ஓட அது மெல்ல மேலேறும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விரல் விட்டுப் பாருங்கள். நாலாபுறமும் மூடிய பெட்டி வேண்டாம். குளிர்காற்று முகத்துக்கு நேரே வரட்டும். குறட்டை போன்ற ஒலி வழக்கத்தைவிடக் கூடினாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ வண்டியை ஓரங்கட்டிப் பட்டையைத் தளர்த்தி, உடம்பை நனைத்துக் காற்றுப்படச் செய்து, அருகிலுள்ள மருத்துவரிடம் போங்கள். இவற்றுக்குத் தூக்க மாத்திரை எமன். மறுபடியும் சொல்கிறேன், எமன்.

புரூனோவுக்கும் அந்த மாத்திரை வேண்டாம். அசிப்ரோமசைன் போன்ற மயக்க மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைக்கும். கால் தள்ளாடுகிற நாயால் வளைவில் நிலைகொள்ளவும் முடியாது. வாந்திக்கென்றே மரோபிட்டன்ட் என்ற மருந்து இருக்கிறது. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுக்க வேண்டும். நாய் மயங்கிக் கிடக்காது. அளவை உங்கள் மருத்துவர் எடை பார்த்து எழுதித் தரட்டும், மருந்துக் கடைக்காரர் சொல்ல வேண்டாம்.

ஒரு மாதம் இருக்கிறது, போதுமான நேரம். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே பட்டையை மாட்டிப் பழக்குங்கள். பிறகு நிற்கிற காரில் பத்து நிமிடம், அதன்பின் தெருவைச் சுற்றி வருவது. முதல் சில நாள் உங்கள் தோளைத் தேடி முனகுவான், திரும்பிப் பார்க்காதீர்கள்.

வழியில் நிறுத்தும்போது எல்லோரும் இறங்கிப் போய்விட்டு அவனைப் பூட்டிய காரில் விட்டுவைக்காதீர்கள், ஜன்னலை விரற்கடை திறந்துவைத்தாலும் உள்ளே சூடு ஏறத்தான் செய்யும். கழுத்துப்பட்டையை மட்டும் கழற்றிவிட வேண்டாம்; உங்கள் கைப்பேசி எண் பொறித்த வில்லை அதில்தான் தொங்க வேண்டும். இறக்கும்போது முதலில் நடைக்கயிற்றை மாட்டி, அதைக் கையில் சுற்றிக்கொண்டு, பிறகு சீட் பெல்ட்டை விடுவித்து, கடைசியில் கதவைத் திறக்க வேண்டும். முதலில் கதவைத் திறந்துவிட்டு நெடுஞ்சாலையில் நாயைத் துரத்தியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.