புதிய தொழில்நுட்பம் வந்தால் ஒரு வட்டாரத்தின் தொழிலாளர் உற்பத்தித்திறன் உண்மையிலேயே உயருமா?

உயரும். ஆனால் எப்படி உயர்ந்தது என்று கேட்க வேண்டும். விளைந்ததை ஆள் கணக்கால் வகுத்து வரும் எண் அது. விளைச்சல் கூடினாலும் ஏறும், ஆள் குறைந்தாலும் ஏறும். எங்கள் காவிரி டெல்டாவில் நெல் அறுவடை இயந்திரம் செய்தது இரண்டாவதை.

என் சிறுவயதில் ஒரு ஏக்கரை அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்துத் தூற்றி முடிக்க இருபது பேராவது வருவார்கள். இன்று பெல்ட் வண்டி என்று நாங்கள் சொல்லும் அந்த அறுவடை இயந்திரம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதே ஏக்கரை முடித்துவிடுகிறது. எங்கள் வயலில் அதனால் ஒரு மூட்டை நெல்கூடக் கூடுதலாக விளையவில்லை. வண்டியும் வெளி மாவட்டத்திலிருந்து வருகிறது. வாடகைப் பணம் அதோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

மிச்சமான நேரமாவது கையில் நின்றதா? முன்பு அறுப்பு நாள்கணக்கில் நடந்ததால் நெல்லும் மெல்ல மெல்லத்தான் வந்து சேரும். இப்போது ஒரே வாரத்தில் ஊர் நெல் முழுவதும் அரசுக் கொள்முதல் நிலைய வாசலில் குவிகிறது. அங்கே வாங்கும் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. தளர்வு கிடைப்பது அந்தந்த ஆண்டின் மழையையும் மத்திய அரசின் மனத்தையும் பொறுத்தது. ஓர் ஐப்பசியில் என் அப்பா தார்ச்சாலையில் நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்து, ஐந்து இரவுகள் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தார். அறுப்பதற்கு நவீன இயந்திரம், காயவைக்க அதே பழைய வெயில்!

இயந்திரம் ஆட்களை விரட்டியது என்பதும் பாதி உண்மைதான். இளையவர்கள் அதற்கு முன்பே திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கட்டட வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆள் கிடைக்காமல்தான் பலர் வண்டியைத் தேடினார்கள். போனவர்களுக்கு வருமானம் கூடியது. போக முடியாத பெண்களுக்கு நடவும் களையும் நூறு நாள் வேலையும் மிஞ்சின. அவர்கள் இழந்தது கூலி நெல்லை மட்டுமல்ல, பேரம் பேசும் பலத்தையும்தான். கதிர் முற்றி நிற்கும் நாள்களில் மட்டும்தான் மிராசுதாருக்கு அவர்கள் தயவு தேவைப்பட்டது. 1968இல் கூலித் தொழிலாளர் குடும்பங்களை உயிரோடு எரித்த கீழ்வெண்மணிக் கொடுமைக்கு முன்பு நடந்த போராட்டமும் அறுவடைக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத்தான். இப்போது பேரம் வண்டித் தரகரோடு நடக்கிறது.

எங்கள் வயலில் வண்டி திரும்ப முடியாத மூலைகளை மட்டும் இன்னும் கருக்கரிவாளால் அறுக்கிறோம். அதற்கு இரண்டு பேர் வருகிறார்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள்.