வாங்குவதற்கு முன் வயரின் நுனியைச் சோதியுங்கள்

கேள்வி: ஒரே கீபோர்டையும் மவுஸையும் இரண்டு கணினிகளுக்குப் பயன்படுத்த நம்பகமான சுவிட்ச் எது? நான் வாங்கியது மூன்று மாதத்தில் செத்துவிட்டது.

என்னுடையது ஐந்து மாதம் தாங்கியது. அந்த இரண்டு மாத மூப்பின் உரிமையில் எழுதுகிறேன்.

திருகோணமலை உப்புவெளியில், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. மேசையில் இரண்டு கணினிகள்: கொழும்பு நிறுவனம் ஒன்று தந்த மடிக்கணினி, நூல்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் என் சொந்தக் கணினி. மடிக்கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவ எனக்கு அனுமதியில்லை. அனுமதி இருந்திருந்தால் சுவிட்சே வாங்கியிருக்க மாட்டேன். உங்களுடைய இரண்டும் விண்டோஸ் என்றால், மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள 'மவுஸ் விதவுட் பார்டர்ஸ்' இலவசம். அம்புக்குறியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் அது அடுத்த கணினிக்குப் போய்விடும். இரண்டும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும்; கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக இது உதவாது. அதற்கு ஒரு பழைய கீபோர்டை அலுமாரியில் வைத்திருந்தால் போதும்.

சுவிட்ச்தான் வேண்டுமென்றால் கடையில் 'கே.வி.எம்.' என்று கேட்காதீர்கள். கீபோர்டு, வீடியோ, மவுஸ் என்பதன் சுருக்கம் அது; நடு எழுத்து வீடியோவைக் குறிக்கிறது. திரையையும் சேர்த்து மாற்றுகிற பெட்டி அது. உங்களுக்குத் தேவையில்லாத அந்தப் பகுதிக்குத்தான் பணத்தின் பெரும்பங்கு போகும், தொல்லையின் பெரும்பங்கும் அங்கிருந்தே வரும். பெட்டியை மாற்றியதும் திரை கழன்றுவிட்டதென்று கணினி நினைத்துக்கொள்ளும். திறந்து வைத்த சாளரங்களெல்லாம் இடம்மாறிக் கிடக்கும். கீபோர்டும் மவுஸும் மட்டும் என்றால் 'யூ.எஸ்.பி. ஷெயரிங் சுவிட்ச்' என்று கேளுங்கள்.

அதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெறும் தண்டவாள மாற்றி மாதிரி: பொத்தானை அழுத்தினால் கீபோர்டை இந்தப் பக்கம் கழற்றி அந்தப் பக்கம் செருகியதற்குச் சமம். கணினி அதை மறுபடி அடையாளம் காண ஓரிரு விநாடி எடுக்கும். மற்றது புத்திசாலிப் பெட்டி. இரண்டு கணினிகளுக்கும் தானே கீபோர்டு என்று நடித்துக்கொண்டிருக்கும்; நாம் தட்டுவதை வாங்கி உரிய பக்கத்துக்கு அனுப்பும். மாறும் வேகம் அபாரம். ஆனால் மவுஸின் கூடுதல் பொத்தான்களும் கீபோர்டின் சிறப்பு விசைகளும் அதன் கண்ணில் படாமல் போகலாம். என் முதல் பெட்டி இந்தச் சாதி.

அது தந்த தனித்துயரம் ஷிப்ட் விசை. ஷிப்டை அழுத்திய கையோடு நான் கணினியை மாற்றிவிட்டால், விரலை எடுத்த செய்தி முதல் கணினிக்குப் போய்ச்சேராது. நான் தமிழ் தட்டுவது ரெங்கநாதன் விசை அமைப்பில். அதில் ஷிப்டோடு ஒரு எழுத்து, ஷிப்டில்லாமல் வேறொரு எழுத்து. திரும்பி வந்து தட்டினால் திரையில் தமிழ் போன்ற ஏதோ ஒன்று ஓடும். கீபோர்டுதான் பழுதென்று புதிதாக ஒன்று வாங்கினேன். அந்தக் காசு போனது போனதுதான்.

சாவுக்கு வருகிறேன். ஆவணியில் வாங்கியது தையில் நின்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, மேசைக் கணினியை நிறுத்திய பிறகும் அதன் முன்விளக்கு மங்கலாக எரிவதைப் பார்த்திருந்தேன். பேய் என்று வீட்டில் சிரித்தார்கள். கைத்தொலைபேசி திருத்தும் நண்பர் பெட்டியைத் திறந்து பார்த்தார். மலிவான பெட்டிகளில் இரண்டு கணினிகளிலிருந்தும் வரும் 5 வோல்ட் மின்சாரத்தை ஒரே கம்பியில் முடிந்துவிடுகிறார்களாம். ஓடுகிற கணினியின் மின்சாரம் பெட்டி வழியாக நிறுத்திய கணினிக்குள் புகுந்துகொள்கிறது. போதாததற்கு, மார்கழி, தையில் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே எங்கள் யன்னலுக்குள் வரும். அந்த உப்பீரத்தில் செருகியின் தகடுகள் பச்சை பூத்திருந்தன.

எனவே இப்போது நான் பார்க்கும் முதல் விடயம், வயர் பெட்டியோடு ஒட்டிப் பிறந்ததா, கழற்றக்கூடியதா என்பது. பெட்டியின் பின்னால் பிரிண்டரில் இருப்பது போன்ற சதுரத் துளை இருந்தால் நல்லது. வயர் பழுதானால் வயரை மட்டும் மாற்றலாம். இரு நுனியிலும் ஒரே தட்டைச் செருகி உள்ள வயரோடு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யூ.எஸ்.பி. 2 விதிமுறை அப்படிப்பட்ட வயரை அனுமதிப்பதில்லை. அதில் சோம்பல் காட்டியவர் உள்ளே என்னென்ன செய்திருப்பார்?

இரண்டாவது, மின்னழுத்தம் அளக்கும் மல்ரிமீற்றர். ஒரு வயரை ஓடுகிற மடிக்கணினியில் செருகுங்கள். மற்ற வயரின் நுனி சும்மா தொங்கட்டும். அந்தத் தட்டைச் செருகியின் முன்வரிசையில் நான்கு தகடுகள் இருக்கும்; இரு ஓரத் தகடுகளிலும் மீற்றரின் முனைகளை வையுங்கள். பொத்தானை இரு நிலையிலும் மாற்றிப் பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. 5 வோல்ட்டுக்குக் கிட்ட ஏதாவது காட்டினால் அது என் பழைய பெட்டியின் தம்பி.

வேகத்துக்காக யூ.எஸ்.பி. 3 வாங்க வேண்டாம். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் யூ.எஸ்.பி. 2 தாராளம். 3-இன் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விழுவதை இன்டெல் 2012-இலேயே எழுதிவைத்திருக்கிறது. வயரில்லா மவுஸுக்காகச் செருகும் சிறு டொங்கிள் வேலை செய்வதும் அதே அலைவரிசையில்தான். அம்புக்குறி தத்தித் தத்தி நகர்ந்தால் மவுஸைத் திட்டாதீர்கள்.

யூ.எஸ்.பி. 2 துளை ஒன்று தருவது அதிகபட்சம் 500 மில்லியம்பியர். சாதாரண கீபோர்டும் மவுஸும் அதில் அடங்கிவிடும். வண்ணவிளக்குக் கீபோர்டு என்றால் தனி அடாப்டர் செருகும் வசதி உள்ள பெட்டியாகப் பாருங்கள். ஆனால் அடாப்டர் இல்லாமலும் அது ஓட வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் நாடே மின்சாரமின்றி நின்றது நினைவிருக்கும். மடிக்கணினியின் பற்றரியில் என் புதிய சுவிட்சும் கீபோர்டும் ஓடிக்கொண்டிருந்தன.

பென்டிரைவையோ வெளி ஹார்ட் டிஸ்க்கையோ அந்தப் பெட்டியில் செருகவே செருகாதீர்கள். பொத்தானை அழுத்துவது அதை எழுதும் நடுவில் பிடுங்குவதற்குச் சமம்.

பெயர் சொல்லத்தான் வேண்டுமென்றால், தைவானின் ஏடென் 1979-இலிருந்து இயங்குகிற நிறுவனம். இந்தச் சுவிட்சுகள்தான் அதன் முக்கியத் தொழில். அதன் பெயர் அச்சிட்ட பெட்டிக்கும் மல்ரிமீற்றர் சோதனை உண்டு. நான் வாங்கிய நாளில் நகரக் கடைக்காரர் முதலில் முறைத்தார். அவர் எடுத்து வைத்த மூன்று பெட்டிகளில் இரண்டு தோற்றன. மூன்றாவதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மீற்றரை எப்படி வைத்தேன் என்று இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.