இணைப்பு வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் நகராட்சியைப் பக்கத்தில் இருக்கும் பெரிய நகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம்தான் தருவார்களாம். முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். போவதில் பயன் உண்டா? போனால் எதைப் பேசுவது?

போங்கள், கண்டிப்பாகப் போங்கள். இணைப்பதா வேண்டாமா என்பதை மேலே முடிவு செய்திருக்கலாம், ஆனால் எப்படி இணைப்பது என்பதைப் பல சமயம் அவர்கள் இன்னும் எழுதியே இருக்க மாட்டார்கள். உங்கள் சொத்து வரியும் தண்ணீர்க் கட்டணமும் எப்படி மாறும் என்பது அங்கேதான் முடிவாகும்.

முதலில் அறிவிப்பை நிதானமாகப் படித்து, இது வெறும் கருத்துக்கேட்பா, வாக்கெடுப்பா, வாக்கெடுப்பு என்றால் அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்துமா என்று பாருங்கள். கனடாவின் டொராண்டோவில் 1997-ல் இணைக்கப்படவிருந்த ஆறு நகராட்சிகளும் வாக்கெடுப்பு நடத்தின, வாக்களித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள், ஆனாலும் அந்த முடிவுக்குச் சட்ட பலம் இல்லாததால் 1998 ஜனவரி 1 அன்று மாகாண அரசு இணைத்தே விட்டது. பிடிக்காவிட்டால் அப்புறம் பிரிந்துகொள்ளலாம் என்று யாராவது சமாதானம் சொன்னால் அதையும் நம்பி உட்காராதீர்கள். அதே கனடாவின் மாண்ட்ரியல் தீவில் இருந்த 28 நகராட்சிகளை 2002-ல் ஒன்றாக்கினார்கள். 2004-ல் பிரிவதற்கு வாக்கெடுப்பு வந்தபோது பெரும்பான்மை மட்டும் போதவில்லை, பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 35 சதவீதம் பேராவது பிரிவதற்கு ஆதரவாக வாக்களித்திருக்க வேண்டும் என்று விதி. அதைத் தாண்டி 15 ஊர்கள் 2006-ல் மறுபடி தனி நகராட்சிகள் ஆயின, ஆனால் காவலும் தீயணைப்பும் தீவு முழுவதற்குமான பொது மன்றத்திடமே தங்கிவிட்டன, அதற்கான பங்கை அவை செலுத்தித்தான் ஆகவேண்டும்.

சரி, எதைப் பேசுவது? என்னைக் கேட்டால் கடனைப் பற்றி. இரண்டு நகராட்சிகளின் கடைசி மூன்று வருடத் தணிக்கைக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். யாருக்கு எவ்வளவு கடன், யாரிடம் எவ்வளவு இருப்பு, வராத வரி பாக்கி எவ்வளவு, ஓய்வூதியப் பொறுப்பு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். இதைவிடவும் முக்கியம், அறிவிப்பு வந்த நாளுக்கும் இணைப்பு நாளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது. நாளைக்கு எல்லோரும் சேர்ந்து அடைக்கப்போகிற கடன்தானே என்று இன்றைய மன்றம் தன் பகுதிக்கு வேண்டியதையெல்லாம் கட்ட ஆரம்பிக்கும். ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளில் இணைப்புக்கு முந்தைய வருடங்களை ஆராய்ந்தவர்கள் இப்படிச் செலவும் கடனும் கூடியதைக் கண்டிருக்கிறார்கள். அதனால் இடைக்காலத்தில் புதிய பெரிய கடன் வாங்கவோ நகராட்சி நிலத்தை விற்கவோ இரண்டு மன்றங்களின் சம்மதமும் வேண்டும், பழைய கடனை அந்தந்தப் பழைய பகுதியே அடைக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். கடன் அதிகம் இருப்பது உங்கள் நகராட்சிக்குத்தான் என்றால் இரண்டாவது நிபந்தனை உங்களையே கடிக்கும், ஆகவே கணக்கைப் பார்த்த பிறகே அதைக் கேளுங்கள்.

இணைந்தால் செலவு மிச்சம் என்பார்கள். எந்தச் செலவு, எந்த வருடத்திலிருந்து என்று கேளுங்கள். டென்மார்க்கில் 2007-ல் 271 நகராட்சிகளை 98 ஆக்கினார்கள். ஆராய்ந்து பார்த்தபோது நிர்வாகச் செலவு குறைந்திருந்தது, மற்ற சேவைகளையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு இடத்துப் பணியாளர்களுக்கும் ஒரே சம்பளம் என்று வரும்போது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் சம்பளத்துக்குத்தான் எல்லோரும் போவார்கள், அது நியாயமும்கூட, ஆனால் திட்ட அறிக்கையில் அந்தச் செலவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரியும் அப்படித்தான்: ஒரே நாளில் சமமாக்குவார்களா, ஐந்து வருடத்தில் படிப்படியாகவா என்பதை வரைவில் எழுத வைக்கப் பாருங்கள்.

வார்டுகளை மறக்காதீர்கள். உங்கள் ஊரில் 40,000 பேர், பக்கத்து ஊரில் 1,60,000 பேர் என்றால், மக்கள்தொகைப்படி 50 இடங்களில் உங்களுக்குப் பத்துதான் வரும். முதல் இரண்டு தேர்தலுக்காவது குறைந்தபட்ச இடங்கள் கேட்கலாம். அதற்குச் சட்டம் இடம் தராவிட்டால் பகுதிக் குழுவும், இப்போதைய அலுவலகம் பிறப்புச் சான்றிதழ், வரி வசூல் போன்ற வேலைகளுக்குத் திறந்திருப்பதும் வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்று நிமிடத்தில் இத்தனையும் அடங்காது, அடக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் மனுவாக எழுதி, வரைவின் எந்தப் பத்தியை எப்படி மாற்ற வேண்டும் என்று குறிப்பிட்டு, கடைசித் தேதிக்கு முன்பே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பதில் வாங்குங்கள், அந்தக் கேள்வியும் பதிலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும் என்று சொல்லுங்கள். தெரு ஆட்கள் பத்துப் பேர் போகிறீர்கள் என்றால் ஆளுக்கு ஒரு விஷயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பத்துப் பேரும் ஒரே அச்சடித்த கடிதத்தைக் கொடுத்தால் அதை ஒரே கருத்தாக எண்ணி வைத்துவிட வாய்ப்பு அதிகம். கருத்துக்கேட்பு அறிக்கை வெளியானதும் உங்கள் மனு அதில் இருக்கிறதா, ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மன்றம் தீர்மானம் போடுவதற்கு முன்பே அந்தச் சீட்டின் நகலோடு உங்கள் வார்டு உறுப்பினருக்கும் முடிவெடுக்கும் அரசுத் துறைக்கும் எழுதுங்கள்.