பவுலின் சகோதரி மகனும் ஓ.பி. சீட்டும்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். நாம் செய்யும் சின்னக் காரியத்தில் இன்னொருவருடைய வாழ்க்கையே அடங்கியிருக்கலாம் என்று எங்கள் போதகர் பிரசங்கத்தில் சொன்னார். கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. போன வாரம் கூட்ட நேரத்தில், மூச்சு வாங்க வந்த ஒரு பெரியவரை "வரிசையில வாங்க தாத்தா" என்று அனுப்பிவிட்டேன். பிறகு பார்த்தால் ஆளைக் காணோம். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பாவம் என்னைத்தானே சேரும், சிஸ்டர்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: மகளே, முதலில் அன்றைய அவசரப் பிரிவு ரிஜிஸ்டரைப் பாருங்கள். வாட்ச்மேனையும் விசாரியுங்கள். மூச்சு வாங்குகிறவரை யாராவது கைத்தாங்கலாக அங்கே கூட்டிப் போயிருக்கலாம். தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது மனதுக்குள் வைத்துப் புழுங்க வேண்டாம்.

அப்புறம், வேதாகமத்தில் அப்போஸ்தலர் 23-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். எருசலேமில் ரோமப் படையின் கோட்டையில் கைதியாக இருந்த அப்போஸ்தலன் பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை என்று நாற்பது பேருக்கு மேல் சபதம் எடுக்கிறார்கள். அது பவுலின் சகோதரி மகன் காதுக்கு எட்டுகிறது. அவன் பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை. அவன் கோட்டைக்குள் போய்ப் பவுலிடம் சொல்ல, பவுல் நூற்றுக்கு அதிபதி (நூறு வீரர்களுக்குத் தலைவன்) ஒருவனைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையைச் சேனாபதியிடம் கூட்டிக்கொண்டு போ என்கிறார். அவனும் கூட்டிப் போகிறான். சேனாபதி பையனின் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய்க் கேட்கிறான். அன்று இரவே 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலோடு பவுல் செசரியாவுக்குப் புறப்படுகிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த ஆள் அந்த நூற்றுக்கு அதிபதிதான். விஷயம் என்னவென்று அவனுக்குத் தெரியாது. கைதி ஒருவன் சொன்னதற்காக, ஒரு பையனை உள்ளே கூட்டிப் போனான், அவ்வளவுதான். உங்கள் கவுண்டர் வேலையும் அதுதானே? வருகிறவரைச் சரியான கதவுக்கு அனுப்புவது.

உங்கள் பயத்துக்கான பதில் அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தில் இருக்கிறது. அந்தச் சதி உருவாவதற்கு முந்தின இராத்திரியே, ரோமாவிலும் நீ சாட்சி கொடுக்க வேண்டும் என்று கர்த்தர் பவுலிடம் சொல்லிவிட்டார். ஆகவே தேவனுடைய வாக்கு அந்தப் பையனை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் அவன் நடந்து வந்த வழியாகத்தான் அது நிறைவேறியது. இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவதை விட்டால் பயம் வரும், இரண்டாவதை விட்டால் அசட்டை வரும்.

நான் எலும்பு முறிவு வார்டில் இருந்த காலத்தில், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா பாதியில் விளக்குமாற்றை வைத்துவிட்டு வந்து, "சிஸ்டர், ஜன்னலோரத்துப் பெட்ல இருக்கிற பொண்ணு கால் மரத்துப்போச்சுன்னு அழுவுது" என்றார். போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தன. உள்ளே கால் வீங்க, இறுகிய கட்டு ரத்த ஓட்டத்தை அடைத்திருந்தது. டாக்டர் ஓடி வந்து கட்டை வெட்டினார். கால் பிழைத்தது. கேஸ் ஷீட்டில் ஆயாம்மா பெயர் இல்லை. அவர் வராமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இருந்தும் வந்தாரே, அதைத்தான் நான் விசுவாசம் என்பேன்.

அந்தப் பெரியவர் கிடைத்தால் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஜெபத்தில் அவரை ஒப்புக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள். அதற்கு மேல் அந்தப் பாரத்தைச் சுமக்கும்படி ஆண்டவர் உங்களைக் கேட்கவில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்று வருகிறவர்களுக்குச் சீட்டு அப்புறம், முதலில் அவசரப் பிரிவு என்ற ஏற்பாடு உங்கள் கவுண்டரில் இருக்கிறதா? இல்லையென்றால் நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் இந்த வாரமே பேசுங்கள். ஒரு வீல் சேரையும் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.