குடிக்காதவர் வைன் தோட்டம் பார்க்கப் போகலாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 63. விசிட்டர் விசாவில் ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் போகிறேன். அங்கிருந்து ஒரு கிழமைக்கு மெக்சிக்கோ சிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம். அதில் ஒரு நாள், காலையில் நுரைக்கிற வைன் செய்யும் இடம், பின்னேரம் ஸ்பானியர் காலத்துப் பழைய ஊர் என்று மருமகள் ஒழுங்கு செய்திருக்கிறா. நான் வாயில் ஒரு சொட்டு வைக்காதவள். குடிவகை செய்கிற இடத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேணுமா? வரவில்லை என்றால் கோவிப்பார்களோ என்றும் யோசனையாக இருக்கிறது.
- ஒரு ரீச்சர், கோண்டாவில்

பதில்: கட்டாயம் போங்கள் ரீச்சர். நானும் ஒருக்கால் போனேன், முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் போனேன், காலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டார்கள் என்ற கோபத்தில்.

மெக்சிக்கோ சிட்டியில் இருந்து ஒரே நாளில் போய்வருகிற நுரைக்கும் வைன் தோட்டம் என்றால் பெரும்பாலும் கெரெத்தாரோ மாநிலத்தில் எசெக்கியேல் மொன்தெஸ் பக்கம்தான். ஸ்பெயினில் உள்ள ஃபிரெஷெனெட் கம்பனி (எழுத்துக்கூட்டிப் பார்த்தால் 'ஃப்ரெய்க்செனெட்' என்று வரும், வாய்க்குள் வருவது இப்படித்தான்) 1970களின் கடைசியில் அங்கே நிலம் வாங்கித் தொடங்கிய தோட்டம், பெயர் ஃபின்கா சாலா விவே. கம்பனியைத் தொடங்கிய தம்பதியில் மனைவியின் பெயர் தொலோரெஸ் சாலா விவே, அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இடம் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2000 மீற்றர் உயரம், நுவரெலியாவை விட உயரம். ஆனால் நுவரெலியா போலப் பச்சைப்பசேல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காய்ந்த நிலம், எங்கே பார்த்தாலும் கள்ளி, பகலில் சுள்ளென்று வெயில், பொழுது பட்டால் குளிர். அந்த இராக் குளிர்தான் முந்திரிகைப் (திராட்சைப்) பழத்தின் புளிப்பைக் காப்பாற்றிக் கொடுக்கிறது, புளிப்பு இல்லாத பழத்தில் நுரைக்கும் வைன் சப்பென்று போய்விடும்.

நீங்கள் பார்க்கவேண்டியது நிலவறை. 25 மீற்றர் கீழே, எங்கள் ஊர்த் துலாக் கிணறு இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஆழம் என்று வையுங்கள். கீழே போகப் போகக் குளிரும், ஈரமும், புளித்த மாவுபோல ஒரு மணமும். வரிசை வரிசையாகப் போத்தல்கள், எல்லாம் சோடாப் போத்தலுக்குப் போடுகிற அதே தகர மூடியோடு. எனக்கு அதுதான் முதல் ஆச்சரியம், தக்கை கடைசியில்தான் வருமாம். எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெண் ஒரு போத்தலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தா. வயிற்றுப் பக்கத்தில் மெல்லிய கோடாக ஒரு மண்டி. கோப்பி மண்டியை விட மென்மை, அசைத்தால் புகைபோல எழும்புகிறது. அது செத்த ஈஸ்ற். ஏற்கனவே வைனாகிவிட்டதைச் சீனியும் ஈஸ்றும் சேர்த்துப் போத்தலில் அடைத்து மூடிவிட, உள்ளே இரண்டாம் தடவை நொதிக்கிறது. வருகிற வாயு வெளியேற வழியில்லாமல் வைனிலேயே கரைந்து கிடக்கிறது. ஒரு லீற்றருக்கு 24 கிராம் அளவில் சீனி, அவ்வளவுதான். சரி, நுரை கிடைத்துவிட்டது, மண்டியை என்ன செய்வது? ஓட்டை போட்ட சாய்வுப் பலகையில் போத்தலைத் தலைகீழாகச் செருகி, நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி மண்டியைக் கழுத்துக்கு இறக்குகிறார்கள். பிறகு கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால் மண்டி பனிக்கட்டித் துண்டாகப் 'படக்' என்று வெளியே பாய்கிறது. அதன் பிறகுதான் தக்கை, கம்பிக் கூடு, தங்கத் தாள் எல்லாம். நீங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவரோ தெரியாது, ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள்.

கடைசியில் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். கையில் வாங்கி, குமிழி ஏறுவதைப் பார்த்துவிட்டு மகன் பக்கம் தள்ளிவிடுங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கார் ஓட்டுகிறவரும் அப்படித்தான் தள்ளிவிடவேண்டும், அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

இனி மருமகளிடம் கேட்கவேண்டிய கேள்வி: பழைய ஊர் என்றது எந்த ஊர்? தெக்கிஸ்கியாப்பன் என்றால் நல்லது, தோட்டத்தில் இருந்து 20 கிலோமீற்றர் அளவுதான். சான் மிகேல் டி அயெந்தே என்று சொன்னா என்றால், அது மிக வடிவான ஊர், 2008இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, ஆனால் ஒரு இரவு தங்கவேண்டிய ஊர். மெக்சிக்கோ சிட்டியில் இருந்து வைன் தோட்டத்துக்கு வரவே இரண்டரை, மூன்று மணித்தியாலம். அங்கிருந்து சான் மிகேலுக்கும் போய், இரவோடு இரவாகத் திரும்புவது என்றால் நீங்கள் பார்க்கப் போவது றோட்டைத்தான். இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் வயதுக்கு அந்தச் சோலியே வேண்டாம். உயரத்தில் மூச்சு வாங்கும், மெதுவாக நடவுங்கள். பிறஷர் குளிசையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், நிலவறைக்கு ஒரு சால்வையும். செருப்பு வேண்டாம், சப்பாத்து.

பிள்ளைகள் மறந்துபோகிற இன்னொன்று. இலங்கைப் பாஸ்போட்டுக்கு மெக்சிக்கோ விசா வேண்டும்தான், ஆனால் செல்லுபடியாகும் கனடா விசா கையில் இருந்தால் தனியாக எடுக்கத் தேவையில்லை என்பது அவர்களின் விதி. ரிக்கெற் போடும் முன் மெக்சிக்கோ தூதரகத்தில் ஒருக்கால் உறுதிப்படுத்துங்கள். உங்கள் கனடா விசா பல தடவை நுழையக்கூடியதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் மெக்சிக்கோவில் இருந்து திரும்ப ஏலாது. விமானம் அமெரிக்காவில் நின்று போவதாக இருந்தால் அதற்கு வேறு விசா. ரொறன்ரோவில் இருந்து நேரே போவதையே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சம்பெயின் என்கிறார்கள், காவா என்கிறார்கள், ஸ்பாக்ளிங் என்கிறார்கள். எல்லாம் ஒன்றா? நுரைதான் பெருமை என்றால் எங்கட கள்ளும் நுரைக்குதே?
- தம்பி ஒருவர், சுன்னாகம்

பதில்: நல்ல கேள்வி, சிரித்துக்கொண்டு கேட்டிருந்தாலும். பிரான்சில் ஷாம்பேன் என்ற பகுதியில் செய்தால்தான் சம்பெயின். ஸ்பெயினில் அதே முறையில் செய்வது காவா. மெக்சிக்கோவில் செய்வதற்கு இரண்டு பெயரும் வைக்க முடியாது, 'வீனோ எஸ்புமோசோ' என்று எழுதுகிறார்கள், எஸ்புமா என்றால் நுரை. பெயர்தான் வேறு, உள்ளே நடக்கிற வேலை ஒன்று.

கள்ளில் இருப்பதும் அதே கரியமிலவாயுதான். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் கருப்பநீர், தடவாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். முட்டிக்கு மூடி இல்லை, ஆகவே வாயு தன்பாட்டில் போய்விடுகிறது, பிளாவில் வார்க்கும்போது மிஞ்சியிருக்கிற நுரையைத்தான் மீசையில் பார்க்கிறோம். வைன்காரர் அதை ஓடவிடாமல் மாதக்கணக்கில் பூட்டி வைக்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான். பூட்டி வைத்ததில் போத்தலுக்குள் அமுக்கம் கார் ரயரில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கம்பிக் கூடு அழகுக்குப் போட்டது என்று நான் கனகாலம் நினைத்திருந்தேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: லேபிளில் 'புரூட்' என்று இருந்தால் இனிப்புக் குறைவு, லீற்றருக்கு 12 கிராமுக்கு உட்பட்ட சீனி. 'செமி செக்கோ' என்றால் இனிப்பு. எங்கள் ஆட்கள் முதல் தடவை புரூட்டை வாயில் வைத்துவிட்டுப் பழுதாய்ப் போய்விட்டது என்பார்கள்.

கேள்வி: எனக்கு அரைப் பரப்பில் முந்திரிகைப் பந்தல் இருக்கிறது. சந்தையில் விலை விழும்போது இப்படி நுரைக்கிற வைன் செய்யலாமா?
- தோட்டக்காரர், நீர்வேலி

பதில்: வேண்டாம் அண்ணை. முதலாவது, அனுமதி இல்லாமல் மதுசாரம் செய்தால் மதுவரித் திணைக்களம் வரும். இரண்டாவது, வீட்டில் கிடக்கிற போத்தலில் சீனியும் ஈஸ்றும் போட்டு அடைத்தால் அது வெடிக்கும், கண் போகும். அதற்கென்று வார்த்த தடித்த கண்ணாடிப் போத்தல் வேறு.

பழத்தின் சங்கதியும் இருக்கிறது. குளிர் நாட்டுக் கொடி மாரியில் நித்திரை கொள்ளும். எங்கள் கொடிக்கு மாரியும் இல்லை நித்திரையும் இல்லை, நீங்கள் கத்தரித்து விட்டுத்தான் காய்க்க வைக்கிறீர்கள், வருடத்துக்கு இரண்டு தடவை பழம் கிடைப்பதும் அதனால்தான். இரவும் புழுக்கமாக இருக்கிற இடத்தில் பழம் பழுக்கும்போது புளிப்பு மளமளவென்று இறங்கிவிடும். நுரைக்கு அது சரிவராது, சாதாரண வைனுக்கும் ரசத்துக்கும் பிழையில்லை. 1928இல் தொடங்கிய தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகளின் திராட்சை ரசமும் வைனும் தெரியாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு.

கேள்வி: அவர்கள் காலனிக்கால ஊரைக் காட்டிக் காசு உழைக்கிறார்கள். எங்களிடமும் கோட்டை இருக்கிறது, ஏன் அது வெறிச்சென்று கிடக்கிறது?
- வாசகர், குருநகர்

பதில்: மெக்சிக்கோவை ஸ்பானியர் ஆண்டது 1521 தொடக்கம் 1821 வரை, 300 வருடம். யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயரிடம் போய், பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர் என்று 1948 வரை, கணக்குப் பார்த்தால் நாங்கள்தான் கூட. ஆனால் ஒல்லாந்தர் ஐந்து முனையில் கட்டியது படைக்கான கோட்டை, எங்கள் சனம் வெளியே இருந்தது. உள்ளே 1706இல் எழுப்பிய தேவாலயமும் போரில் தரைமட்டம். அதன் பிறகு நெதர்லாந்து உதவியோடு மதிலைத் திருத்தினார்கள், மதிலைத் திருத்தலாம், இல்லாத சனத்தை எங்கே கொண்டுவருவது?

தெக்கிஸ்கியாப்பன் 1551இல் ஒட்டோமி ஆதிக்குடிகளை வைத்து உருவாக்கிய ஊர். நடுவில் சதுக்கம், ஒரு பக்கம் தேவாலயம், மற்றப் பக்கங்களில் வளைவு வளைவாகத் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தில்தான் இன்றைக்கும் கடை, கதிரை, பின்னேரக் கதை. பிரம்புபோல மெல்லிய தடியில் பின்னிய கூடைகள் தொங்கும், எங்கள் கடகம் பின்னுகிறவர்கள் ஒருக்கால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார்கள். சதுக்கத்தின் பெயர் மிகேல் இதால்கோ. 1595இல் ஸ்பானிய அரசன் தன் நாட்டு வைன் விலைபோகவேண்டும் என்று மெக்சிக்கோவில் புதிதாக முந்திரிகை நடுவதைத் தடை செய்தான். இருநூறு வருடம் கழித்தும் அந்தக் கெடுபிடி முடியவில்லை, அதற்குள் முந்திரிகை வளர்த்த பாதிரியார்தான் இந்த இதால்கோ. 1810 செப்டெம்பர் 16இல் மணியடித்துச் சனத்தைக் கூட்டி ஸ்பானியருக்கு எதிரான கிளர்ச்சியைத் தொடங்கியதும் அவரே.

போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு போங்கள். சாப்பாட்டுக் கடையில் 'மேசா' என்பார்கள், சப்பாத்துக் கடையில் 'சப்பாத்தோ', ஹொட்டேலில் 'தோஆயா'. எங்களுக்குப் போர்த்துக்கேயர் விட்டுப்போன மேசை, சப்பாத்து, துவாயின் ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

கேள்வி: சைவக்காரருக்கு அங்கே சாப்பாடு கிடைக்குமா?
- கோண்டாவில் ரீச்சரின் தங்கை (அக்கா கேட்க மறந்துவிட்டாவாம்)

பதில்: கிடைக்கும். பூசணிப்பூ வைத்த கெசாதியா (மடித்துச் சுட்ட சோள ரொட்டி) கேளுங்கள், நொப்பால் கேளுங்கள். நொப்பால் என்றால் நாகதாளி, முள்ளு நீக்கி வதக்கித் தருவார்கள், வெண்டிக்காய்போல வழுவழு. 'சின் கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். அவரைக் கறியை மட்டும் விசாரித்துச் சாப்பிடுங்கள், பன்றிக் கொழுப்பில் தாளிக்கிற வழக்கம் இருக்கிறது.

கேள்வி: ஒரு போத்தல் ஊருக்குக் கொண்டுவரலாமா?
- பெயர் வேண்டாம், மானிப்பாய்

பதில்: பெரிய பெட்டிக்குள் உடுப்பில் சுற்றி வைத்துக் கொண்டுவரலாம். நான் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் விமான நிலையச் சோதனையில் பறிகொடுத்தேன், 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் விடமாட்டார்கள் என்று தெரிந்தும் தங்கத் தாளைக் கண்டால் இரங்குவார்கள் என்று ஒரு விசர் நினைப்பு. நிலவறையில் அந்தப் பெண் தந்த தகர மூடி ஒன்று மட்டும் வீட்டில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.